கட்டைவிரலில் ப்ளாஸ்திரி

கோவில்பதாகையிலிருந்து ஆவடி ஸ்டேஷனுக்குப் பையோடு நடந்துகொண்டிருந்தேன். வெயில் இறங்கியும் சூடு தணியவில்லை. யாராவது கூப்பிடுகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை.

அக்கா வீட்டுக்கு நானாகப் போகவில்லை. அவள்தான் வரச் சொன்னாள். அக்கா புருஷன் லாரியோடு போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. ஒன்பதாவது படிக்கும் மகன் கூடப் படிப்பவனின் மண்டையை உடைத்துவிட்டான் என்று பள்ளிக்கூடத்தில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். செல்போன் விளையாட்டில் தோற்றதற்காக அடித்தானாம். அக்கா அவன் போனைப் பிடுங்கி, தையல் கம்பெனிக்குப் போகும்போது சாப்பாட்டுப் பையிலேயே கொண்டுபோனாள். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எனக்கும் அப்போது வேலை இல்லை.

வந்த புதிதில் பையன் சோற்றுத் தட்டை விசிறியடித்தான். அக்காவைத் தள்ளியதில் அவள் முழங்கை கதவில் மோதி வீங்கியது. பிறகு திடீரென்று சாதுவானான். குளித்தான், சாப்பிட்டான், கேட்காமலேயே எனக்கு டீ போட்டுக் கொடுத்தான். பல ஊரில் பல பேரோடு தங்கியவன் நான். அந்த டீ எனக்குப் பிடிக்கவில்லை. என் பையைச் சோதித்தேன், எல்லாம் இருந்தது. ஆனால் என் போனில் நெட் மத்தியானமே தீர்ந்துபோனது. பூட்டு எண்ணை நான் யாருக்கும் சொன்னதில்லை. தூங்கி எழுந்தால் கட்டைவிரல் மட்டும் ஈரமாக இருந்தது.

ஒரு மத்தியானம் தூங்குவதுபோல் கிடந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஈரத்துணியால் என் கட்டைவிரலைத் துடைத்தான், காய்ச்சல்காரனைத் துடைப்பதுபோல அவ்வளவு பதமாக. என் போனை விரலுக்கடியில் வைத்தான், பூட்டு திறந்துகொண்டது. அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"உடு மாமா. அம்மாகைல சொன்னீன்னா, நீதான் குடுத்தேன்னு சொல்லிடுவேன்."

"உங்கம்மா நம்பிடுவாளா?"

"நான் அதுக்குப் புள்ள. நீ யாரு, வந்துட்டுப் போறவன்தானே?"

சாயங்காலம் அக்கா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "பொய்மா! சத்தம் போடாம கெடடான்னு மாமாதான் குடுத்துச்சு" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏன்டா, கொயந்தையக் கெடுக்கத்தான் வந்தியா?" என்றாள்.

நான் துணியை மடித்துப் பையில் வைத்தேன். அப்போதுதான் அவள் பதறினாள். "இப்ப எங்கடா போற? இன்னும் கொஞ்ச நாள் இரேன். இப்பதான் ஊடு அமைதியா கீது."

அந்தப் பேச்சுதான் வழியெல்லாம் உறுத்தியது. நான் கெடுக்கிறேன் என்றால் என்னை ஏன் நிறுத்த வேண்டும்?

ஸ்டேஷன் பக்கத்து மருந்துக்கடையில் ப்ளாஸ்திரிகள் சரமாகத் தொங்கின. அதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அக்கா தினமும் படுக்கும் முன் தன் போனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு வலது கட்டைவிரலில் ப்ளாஸ்திரி சுற்றிக்கொள்வாள். கேட்டால், கத்தி பட்டுவிட்டது என்பாள். காலையில் பாத்திரம் தேய்க்கும்போது அந்த விரலில் ஒரு கீறலைக்கூட நான் பார்த்ததில்லை.

தூங்குபவர் விரலால் அவன் போனைத் திறப்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தன் விரலை மூடிக்கொண்டு என் விரலை விட்டுவைத்திருக்கிறாள். அவன் கையில் ஒரு போன் இருந்தால் அந்தக் கை அவள்மேல் விழாது. ஒருவேளை கத்தி நிஜமாகவே பட்டிருக்கலாம். திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். இன்று ராத்திரி அவன் யார் விரலைத் தேடுவான் என்றும் யோசித்தேன். ரயில் வந்தது, ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஆள் எடுத்தார்கள். வார்த்த இரும்பின் பிசிறைத் தேய்த்து எடுக்கும் வேலை. வாசலில் இருந்த வருகை மெஷினில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். வைத்த உடனே ரேகையை எடுத்துக்கொண்டது.

பின்னால் நின்றவர் சிரித்தார். "புது வெரலு, கப்புனு புடிக்குது. கொஞ்ச நாள் இங்க தேய்ச்சுப் பாரு அண்ணாத்தே, ரேகையே இருக்காது. என்து ரேஷன் கடைலகூட எடுக்கல."

விரலை நீட்டிக் காட்டினார். வழவழவென்று இருந்தது.

உள்ளே கையுறை வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.