அப்பா ஒடிக்காத விரல்

எங்கள் தந்தையாரின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றி நீங்கள் அறியாதது அதிகம் இல்லை. ஆனால் அறிந்ததில் ஒன்று தவறு. அதைத் திருத்தவே எழுதுகிறேன்.

அப்பா பாரூரில் கரும்பு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டுக் கஷ்டத்தில் படிப்பு பாதியில் நின்றது. ஓசூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே உழைத்தார். ஜூஜுவாடியில் ஒற்றை அறையில் குடித்தனம். தெருவில் பாதிப்பேர் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள். பையன் தமிழ் எழுதத் தெரியாமல் வளர்ந்துவிடுவானோ என்று அவருக்குப் பயம். ஷிப்ட் முடிந்து வரும்போது கிழிந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வருவார். அதைத் தரையில் விரித்து, மார்க்கரால் என் உயரத்துக்கு ‘அ’ போடுவார். அதன்மேல் நான் விரலை ஓட்டவேண்டும். பிறகு மடியில் உட்காரவைத்து, என் கையைப் பிடித்துப் பென்சிலால் எழுதவைப்பார்.

ஒருநாள் ‘இ’ போடமாட்டேன் என்று அடம்பிடித்தேன். மரஸ்கேலால் விரலில் ஒரு போடு போட்டார். சிவந்தது, காலையில் சரியாகிவிட்டது. மறுநாள், போகக்கூடாது என்று அவர் சொல்லியிருந்த ஹைவே பக்கம் விளையாடப் போய், நின்றிருந்த டெம்போவின் கதவில் அதே விரலை நசுக்கிக்கொண்டேன். இன்னும் அடி விழும் என்று வாயைத் திறக்கவில்லை. வீங்கிய விரலைப் பார்த்த அப்பா, “ஐயோ, பையன் கைய ஒடிச்சிப்புட்டேனே” என்று தலையில் அடித்துக்கொண்டார். எலும்பு கோணலாகவே கூடியது.

அன்று பயத்தில் பேசாமல் இருந்தேன். பிறகு லாபம் கண்டு பேசாமல் இருந்தேன். சைக்கிள் கேட்டாலும் பைக் கேட்டாலும், அந்த விரலை லேசாக நீவிக்கொண்டால் போதும், அப்பா இறங்கி வந்துவிடுவார். தங்கைக்கு எழுதிப் பழகும் வயது வந்தபோது அம்மா சிலேட்டை நீட்டினார். “நீயே சொல்லிக்குடு. என் கை ஆகாது” என்று அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “புள்ளைங்கள அடிக்காதீங்கப்பா, அப்புறம் இவராட்டம் காலம்பூரா அழுவணும்” என்று நீங்களும் அவரை வைத்தே ஊருக்குப் புத்தி சொன்னீர்கள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம்கூட என் விரலைத் தடவிக்கொண்டே படுத்திருந்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். என் விரலை அப்பா ஒடிக்கவில்லை. இனி யாரும் அப்படிச் சொல்லவேண்டாம்.

அப்பாவுக்காக ஆஸ்பத்திரிக்கு அலைந்த பாகலூர் சித்தப்பாவுக்கும், ரத்தம் கொடுத்த பேக்கிங் பிரிவு நண்பர்களுக்கும், எங்களுக்குச் சமைத்துப்போட்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதைத் தங்கையிடம் படித்துக் காட்டினேன்.

“உன்ன மட்டும் மடியில வெச்சி சொல்லிக்குடுத்தாரே, நான் பொட்டப்புள்ளன்னுதான் உட்டுட்டாருன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேண்ணா. கடைசியா அவரு கூப்புட்டப்பகூட நான் மொகங்குடுத்துப் பேசல” என்றாள்.