கசக்காத மருந்தும் மஞ்சள் மண்டி ராவுத்தரும்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, ஆஸ்பத்திரி வாசலில் வரிசை நின்றிருந்த நேரத்தில், மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கும் செங்கோடன் ஓடி வந்தான். "கம்பவுண்டருங்க, நம்ம ராவுத்தரு விடியக்காலம் போயிட்டாருங்க. மத்தியானத் தொழுகை முடிஞ்சு எடுக்கறாங்களாமா" என்றான். கையிலிருந்த புட்டியை மேசைமேல் வைத்தேன். வரிசையில் யாரும் மருந்து கேட்கவில்லை. "எங்களப் பத்தி நெனைக்காதீங்க சாமி, நீங்க மொதல்ல போயிட்டு வாங்க" என்றாள் ஒருத்தி. இருந்தாலும் கடைசி ஆள்வரை மருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். பாதியில் விட்டுப் போயிருந்தால் அவரே எழுந்து வந்து என்னைத் திட்டியிருப்பார்.

அசன் ராவுத்தரை உங்களில் பலருக்குத் தெரியும். மண்டி வைத்திருந்தவர், பல வருஷம் ஜில்லா போர்டு மெம்பர். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கொல்லிமலை அடிவாரத்தில், போர்டு பணத்தில் நடக்கும் சின்னத் தர்மாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். மூன்று ஊர் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து ஒரே டாக்டர். எங்களுக்கு அவர் வாரத்தில் இரண்டு நாள். மற்ற நாளெல்லாம் நானும் கூட்டித் துடைக்கும் ஒரு ஆளும்தான். மற்ற மெம்பர்கள் வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். ராவுத்தர் ஒருவர்தான் காலிப் புட்டியோடு வரிசையில் நின்று வருவார். எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து வேண்டுமென்றால் புட்டியை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். மெம்பருக்கும் அதே சட்டம் என்பார். என்னிடம் வந்து சேர்வதற்குள் யார் வீட்டில் யாருக்கு என்ன நோய், நான் யார்மேல் எரிந்து விழுந்தேன், எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். "ஏனுங்க கம்பவுண்டரே, நேத்து ஒரு அம்மிணியப் புடிச்சு அந்தச் சத்தம் போட்டீங்களாமா? உங்களுக்கே ஒரு மாத்திர குடுத்துக்கறதுதானுங்களே" என்பார், எல்லோர் காதிலும் விழும்படி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் வராத வாரத்தில் ஏனோ ஆஸ்பத்திரி வெறிச்சென்று இருக்கும்.

மஞ்சளைக் கண்ணால் பார்த்து அவர் விலை சொன்னதே கிடையாது. ஒரு விரலியை ஒடித்து வாயில் போட்டு மென்று பார்த்துத்தான் சொல்வார். அந்தப் பழக்கத்தில்தான் நான் மாட்டினேன்.

விளைச்சலுக்கு விலை இல்லாமல் வரி வசூல் படுத்துப்போன வருஷங்கள் அவை. போர்டு முதலில் கை வைத்தது மருந்துச் செலவில். குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கசப்பு மருந்தான கொயினா, நான் கேட்டு எழுதியதில் பாதிதான் வந்தது. ஐப்பசி மழை விட்டதும் குளிர்காய்ச்சல் கிளம்பியது. வண்டி வண்டியாக ஜனங்கள். யாரையும் வெறும் புட்டியோடு திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. மருந்தில் தண்ணீர் சேர்த்தேன். முதலில் கொஞ்சம், பிறகு பாதிக்குப் பாதி. ஊரில் எனக்கு நல்ல பெயர் வேறு! "இந்த வருசம் மருந்து கசக்கறதே இல்லீங்க, நம்ம கம்பவுண்டரு கைராசி" என்று பேச்சு. அது ராவுத்தர் காதுக்கும் போயிற்று.

மறுநாள் வரிசையில் வந்து புட்டியை நீட்டினார். ஊற்றியதும் அங்கேயே ஒரு வாய் குடித்து, நாக்கைச் சப்பிப் பார்த்தார். வரிசை தீரும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"எத்தன நாளாங்க?" என்றார் பிறகு.

"ஒரு மாசமாச்சுங்க. வந்தவங்களுக்கு இல்லேன்னு சொல்ல வாய் வரலீங்க."

சத்தம் போடுவார் என்று பார்த்தேன். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "அத்தன பேருக்கும் மருந்து குடுத்ததா நீங்க எழுதி அனுப்பிச்சிருக்கறீங்க. அதப் படிச்சுப்போட்டு, பாதி மருந்துலயே ஆஸ்பத்திரி நல்லா நடக்குது, வர்ற வருசம் இன்னும் கொறைக்கலாம்னு அங்க பேசிட்டிருக்கறாங்க. இல்லாதத இல்லேன்னு சொன்னாத்தானுங்க குடுக்கறவன் குடுப்பான்."

அதுவரை நான் செய்ததை இரக்கம் என்றே நினைத்திருந்தேன்.

அடுத்த போர்டுக் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். என் மருந்தை டம்ளர்களில் ஊற்றி மெம்பர்கள் முன்னால் வைத்து, "குடிச்சுப் பாருங்க, ஒண்ணும் பண்ணாது" என்றார். ஒரு பெரிய பண்ணைக்காரர் சீரகத் தண்ணீர் என்று நினைத்து இன்னொரு டம்ளர் கேட்டார். "இதுதானுங்க நம்ம போர்டு காய்ச்சலுக்குக் குடுக்கற மருந்து" என்றதும் அறை அடங்கிப்போயிற்று. தலைவர் என் பக்கம் திரும்பி, "இந்த ஆளை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்புங்கள்" என்றார். எனக்கு நான்கு குழந்தைகள். ராவுத்தர் எழுந்தார். "தண்ணி ஊத்துனது அவரு கையிங்க. ஊத்த வெச்சது நம்ம கையி. தண்டன போடறதுன்னா ரெண்டுக்கும் சேத்துப் போடுங்க" என்றார்.

என் வேலை தப்பியது. மெம்பர்கள் தங்கள் பிரயாணப் படியை விட்டுக்கொடுத்து, கேட்ட கொயினா முழுவதையும் தருவதென்று முடிவாயிற்று. ஆனால் எனக்கு ஒரு வருஷம் சம்பள உயர்வு கிடையாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் அதே ராவுத்தர்தான். திரும்பி வரும்போது மோட்டார் பஸ்ஸில் நான் அவரோடு பேசவில்லை. ராசிபுரத்தில் வண்டி நின்றபோது ஒரு முறுக்குப் பொட்டலம் வாங்கி என் மடியில் வைத்தார். கோபம் தீராமலே அதைத் தின்று தீர்த்தேன்.

அவர் சொல்லித்தான் ஆஸ்பத்திரி வாசலில் கரும்பலகை வந்தது. இன்றைக்கு எத்தனை பேருக்குக் கொயினா இருக்கிறது என்று காலையில் எழுதுவேன். தீர்ந்தால் 'இல்லை' என்று எழுதுவேன். முதல் தடவை எழுதிய அன்று ஜனங்கள் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பிறகு வண்டி பூட்டிக்கொண்டு போய்ப் போர்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் மருந்து வந்தது. யுத்தத்தால் ஜாவாவிலிருந்து வந்த கொயினா நின்றுபோன பிறகு, பலகையில் அந்த 'இல்லை'யை அடிக்கடி எழுதவேண்டியிருக்கிறது.

யாரிடமும் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. முழுக் கொயினாவும் வந்து சேர்ந்த அன்று ராவுத்தர் மண்டியைப் பூட்டிவிட்டு வந்தார். "தண்ணி மருந்து வாங்குன ஊடெல்லாம் போயி, நெசத்தச் சொல்லி நல்ல மருந்து குடுக்கோணுமுங்க. நீங்க சொல்லுங்க, நான் கூட வாரேன்" என்றார். ஐந்து நாள் நடந்தோம். சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். கடைசியாகப் பழனியம்மாள் வீடு. அவள் புருஷன் என்னிடம் மூன்று புட்டி வாங்கிக் குடித்தவன். காய்ச்சலில் போய்ப் பதினாறு நாள்கூட ஆகவில்லை. உள்ளே குழந்தை போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் ராவுத்தர் முகத்தைப் பார்த்தேன். எனக்காக அவர் சொல்லிவிட மாட்டாரா என்று இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு என் பக்கத்திலேயே நின்றார், வாயைத் திறக்கவில்லை. நானே சொன்னேன்.

அவள் ஒரு தடவை உள்ளே குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பவே நல்ல மருந்து குடுத்திருந்தா அவரு பொழச்சிருப்பாருங்களா?" என்றாள்.

"தெரியலீங்க அம்மிணி" என்றேன்.

என் கையிலிருந்த புட்டியை வாங்கினாள். ஒரு சொட்டைத் தன் நாக்கில் விட்டுக்கொண்டாள். முகம் சுருங்கியது. பிறகுதான் உள்ளே போய்க் குழந்தைக்குக் கொடுத்தாள். அது வீரிட்டு அழுதது. ராவுத்தர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது.

போர்டையே அடக்கிய குரல் அவருடையது. அன்று அவர் எனக்காகப் பேசவும் இல்லை, என்னைத் தனியே விட்டுவிட்டுப் போகவும் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். மருந்து தீர்ந்துபோகிற நாட்களில் பலகையில் எழுதியதோடு விடாமல், வாசலுக்கு வந்து நானே வரிசையைப் பார்த்துச் சொல்கிறேன், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு.