முதல் சொட்டு ரங்கம்மாளுக்கு

1672-ஆம் ஆண்டு பங்குனியில் ரங்கம்மாள் முதன்முதலாகப் படகேறினாள். அதற்குள் அவள் கையால் பால் குடித்தபடி ஊர் விட்டு ஊர் போய்ச் சேர்ந்த கைக்குழந்தைகள் முப்பதுக்கு மேல் இருக்கும். எல்லாம் தரைவழிப் பயணம்.

பழவேற்காட்டில் அப்போது ஒல்லாந்தர் கோட்டையைச் சுற்றி நெசவும் சாயமும் துறைமுக வேலையுமாக ஊர் நெரிந்து கிடந்தது. வேலைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எது வந்தாலும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியாக வேண்டும். தாய்க்குப் பால் இல்லாத வீடாக இருந்தால் ரங்கம்மாளுக்கு ஆள் போகும். அவள் தன் வெள்ளாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நிற்பாள். இடுப்பில் ஒரு துணிமூட்டை. அதற்குள் மூடி போட்ட செம்பு, வடிகட்டும் துணி, பாலாடை. பாலாடை என்றால் மூக்கு வைத்த, உள்ளங்கை அளவு வெண்கலக் கிண்ணம்.

பாலைச் சுமந்து போனால் வெயிலில் திரிந்துவிடும். ஆடு நடந்து வந்தால் பாலும் கூடவே நடந்து வரும். அவள் தொழில் அவ்வளவுதான். வழியில் எங்கே நிழல் கிடைக்கிறதோ அங்கே மூன்று கல் வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவைப்பாள். கறந்த பாலைக் காய்ச்சி, பாதிக்குப் பாதி அந்த நீரைக் கலந்து வடிகட்டுவாள். முதல் சொட்டை எப்போதும் தன் நாக்கில் விட்டுக்கொள்வாள். பிறகுதான் குழந்தைக்கு.

அந்தப் பங்குனியில் அவளைக் கூப்பிட்டவன் ஆதிகேசவன், சாயக்காரன். பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் அவன் மனைவி தேவகிக்குப் பால் வற்றிவிட்டது. பெண்குழந்தை. அரிசிக் கஞ்சித் தண்ணியை ஊட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாளாக எதுவும் வயிற்றில் தங்கவில்லை. தேவகியின் அக்கா திரௌபதி ஆரம்பாக்கத்தில் இருந்தாள், அவளும் பிள்ளை பெற்றுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள். குழந்தையை அவளிடம் சேர்த்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும். ஏரியைச் சுற்றிக்கொண்டு நடந்தால் வழியில் ஓர் இரவு தங்க வேண்டும். படகில் போனால் அன்றைக்கே சேரலாம்.

படகு சந்தியாகுவுடையது. காய்ச்சலில் கிடந்த தேவகியை வீட்டில் விட்டுவிட்டு ஆதிகேசவன் குழந்தையோடு துறைக்கு வந்தான். ஏறுவதற்கு முன் ரங்கம்மாள் கரையிலேயே ஆட்டைக் கறந்து செம்பை நிறைத்துக்கொண்டாள்.

"அண்ணே, பால் பாத்திரத்துக்கு ஒரு கொடம் தண்ணி வேணும். ரொப்பி வச்சிடு."

"வச்சாச்சு, ஏறு. மூணு பேருன்னு சொல்லிட்டு நாலு கால கூட்டியாந்துட்ட" என்றான்.

தென்காற்றில் பாய் புடைத்தது. படகு நடுவே மணல் பரப்பி வைத்த மண்ணடுப்பில் ரங்கம்மாள் குடத்து நீரைக் கொதிக்கவைத்தாள். வெயில் ஏறினால் கெட்டுவிடும் என்று, செம்பில் இருந்த பால் முழுவதையும் காய்ச்சினாள், கலந்தாள், வடிகட்டினாள். ஒரு சொட்டை நாக்கில் விட்டாள். உடனே வெளியே துப்பினாள்.

"இன்னா தண்ணி இது?"

"தண்ணிதான்" என்றான் சந்தியாகு.

"உப்புக் கரிக்குது."

"ஏரித் தண்ணி கரிக்காம இனிக்குமா?"

"ஏரித் தண்ணிய எவன் உன்ன ரொப்பச் சொன்னான்?"

"நீதான. பாத்திரத்துக்குத் தண்ணின்ன. பாத்திரம் கழுவ எவனாவது நல்லதண்ணி ரொப்புவானா? நல்லதண்ணி வேணும்னா நல்லதண்ணின்னு சொல்லணும்."

பழவேற்காட்டு ஏரி கடலோடு கலக்கும் உப்பேரி. ஏரிக்காரர்களுக்குத் தண்ணி என்றால் படகு மிதப்பது. குடிக்கிறது ஏரிக்கு அப்பால் உள்ள ஊர்க் கிணறுகளிலிருந்து குடம் குடமாகத் தலையில் வருவது. அதற்குப் பெயர் நல்லதண்ணி. ரங்கம்மாள் பிறந்ததோ நெல் விளையும் ஊர். கிணற்றில் இருந்தாலும் கால்வாயில் ஓடினாலும் அங்கே எல்லாம் ஒரே தண்ணிதான். இத்தனை வருஷம் பழவேற்காட்டில் இருந்தும் இந்த வித்தியாசம் அவள் காதில் ஏறவில்லை.

அவள் செம்பை ஏரியில் கவிழ்த்தாள்.

"உன் குடிதண்ணி எங்க?"

சந்தியாகு தன் சுரைக்குடுக்கையை எடுத்துத் தலைகீழாக ஆட்டிக் காட்டினான். "உன் சாயக்கார நைனாவ கேளு."

பயத்தில் தொண்டை வறண்டு வறண்டு, துறையை விட்ட நேரத்திலிருந்தே ஆதிகேசவன் அதைக் காலி செய்திருந்தான். அவன் மடியில் குழந்தையின் அழுகை சன்னமாகிக்கொண்டே வந்தது. அலறுகிற பிள்ளையைப் பார்த்து ரங்கம்மாள் பயந்ததில்லை. அழ முடியாமல் போகிற பிள்ளைதான் அவளை அவசரப்படுத்தும்.

"ஆட்டக் கறந்து அப்படியே ஊத்திடு அக்கா" என்றான் ஆதிகேசவன்.

"வெறும் ஆட்டுப்பால் குட்டிக்கு. காஞ்ச வயித்துல கெட்டியா ஊத்தினா அத்தனையும் வெளிய வந்துடும். அதுவுமில்லாம இவள பாரு."

ஆடு நான்கு கால்களையும் அகட்டி நடுங்கிக்கொண்டு நின்றது. மடியைத் தொட்டதும் உதைத்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை.

"தரையில நின்னாத்தான் எறக்குவா" என்றாள் ரங்கம்மாள். "அண்ணே, கிட்டத்துல தரை எங்க கீது?"

சந்தியாகு கிழக்கே கை காட்டினான். தாழ்வான ஒரு மணல்திட்டு. மேலே பச்சையாகக் கொடி படர்ந்திருந்தது. "அங்க தோண்டினா நல்லதண்ணி ஊறும். ஆனா எறங்கினா காத்து போயிடும். அப்பால ஆரம்பாக்கம் வரைக்கும் கழி போட்டுத்தான் தள்ளணும்."

"யாரு தள்ளுறது?"

"நானும் நைனாவும்."

"தள்ளுங்க. பாய திருப்பு."

திட்டில் கால் வைத்ததும் ஆடு உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கொடியை மேயப் போனது. சந்தியாகு மேட்டுப் பக்கமாக ஓர் இடம் பார்த்துக் கொட்டாங்கச்சியால் மணலை வாரினான். முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டியது. முதலில் ஊறிய கலங்கலை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருந்தான். ஆதிகேசவனுக்குப் பொறுக்கவில்லை, கையை விட்டு இன்னும் பறிக்கப் போனான். சந்தியாகு அவன் கையைத் தட்டிவிட்டான்.

"ஆழம் போனா உப்பு ஏறிடும். மேல ஊறுறத மட்டும் அள்ளு. சாயத் தொட்டின்னு நெனச்சியா?"

தெளிந்ததை அள்ளி ரங்கம்மாளிடம் நீட்டினான். அவள் உறிஞ்சிப் பார்த்து, ஒரு கணம் வாயில் வைத்திருந்து விழுங்கினாள்.

"நல்லதண்ணி" என்றாள்.

"இப்ப வாயில வந்துச்சா அந்தப் பேரு."

சுள்ளி பொறுக்கி மூட்டினார்கள். அதற்குள் ஆடு அசைபோடத் தொடங்கியிருந்தது. இந்த முறை கறக்கவிட்டது. கொதித்தது, ஆறியது, கலந்தது. முதல் சொட்டு ரங்கம்மாளுக்கு.

"எனக்கும் ஒண்ணு விடு. நானும் பாத்துச் சொல்றேன்" என்றான் சந்தியாகு.

"நீ போய் உன் கொடத்த நக்கு."

குழந்தையின் தலையை முழங்கை மடிப்பில் ஏந்தி, பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்து லேசாகச் சாய்த்தாள். முதல் வாய் கன்னத்தில் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. ஆதிகேசவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாவது வாய்க்குத் தொண்டை அசைந்தது. ரங்கம்மாள் அவசரப்படவில்லை. ஒரு வாய் கொடுத்து, விழுங்கும்வரை நிறுத்தி, அடுத்த வாய். பாலாடை காலியானதும் தோளில் போட்டுத் தட்டினாள். வாந்தி வரவில்லை. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஊட்டினாள். குழந்தை அவள் முந்தானையை நனைத்தது.

"இனிமே தள்ளலாம்" என்றாள்.

மீதி நீரைக் குடத்தில் ஏற்றிக்கொண்டார்கள். சந்தியாகு சொன்னபடியே காற்று விழுந்துவிட்டது. ஆதிகேசவன் உள்ளங்கை கொப்பளிக்கக் கழி போட்டான். வழியில் குழந்தை இன்னும் ஒரு முறை குடித்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆரம்பாக்கத்துக் கரையில் இறங்கினார்கள். திரௌபதி குழந்தையை வாங்கி மார்பில் சேர்த்தாள். குழந்தை இரண்டு முறை சப்பிவிட்டுத் தூங்கிப்போனது.

"இன்னா இவளுக்குப் பசியே இல்ல?" என்றாள் திரௌபதி.

"விடியக்காலையில குடு. அப்ப கத்துவா" என்றாள் ரங்கம்மாள்.

கத்தினாள். ஆடி மாதம் தேவகி வந்து தூக்கிப்போகும்வரை குழந்தை அந்த வீட்டிலேயே பால் குடித்தது. ரங்கம்மாள் மறுநாள் காலை அதே படகில் ஆட்டோடு பழவேற்காடு திரும்பினாள். குடத்தை ஆரம்பாக்கத்துக் கிணற்றில் அவளே நிரப்பி ஏற்றினாள்.