கடைசிப் பத்து விநாடி

மயிலாப்பூரில் குடியிருக்கும் ஹம்சா, கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவர். இணையத்தில் பழைய தபால்தலைகளை ஏலம் விடும் ஒரு நிறுவனம், விலை கேட்டவர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, ஐந்தாண்டு விவரங்களை அவருடைய ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தது. இரண்டு லட்சம் வரிகள். படிக்கப் படிக்க ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிறு காலை, யாரோ விலை கேட்ட ஒவ்வொரு தருணத்தையும் ஒரு புள்ளியாக்கிக் கணினியில் வரைந்து பார்த்தார். ஒவ்வொரு ஏலமும் நடக்கும் ஏழு நாட்களும் திரை ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்தது. கடைசிப் பத்து விநாடியில் மட்டும் புள்ளிகள் நெருக்கியடித்துக் கறுப்புச் சுவராக எழுந்து நின்றன.

"ஏன்னா, சித்த இங்க வாங்கோளேன்!"

கணவர் சாய்நாத் அதே தளத்தில் தபால்தலை வாங்குகிறவர். வந்து படத்தைப் பார்த்தார்.

"கடைசி நொடியில கேக்கறது என்னோட சொந்த யுக்தின்னுன்னா நெனச்சுண்டிருந்தேன்!"

"இவா அத்தனை பேரும் அப்படித்தான் நெனச்சிருப்பா."

முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள், யாரும் சொல்லாமலே, ஒரே நொடிக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். சாய்நாத் திரைக்கு அருகில் குனிந்தார்.

"இதுல நான் எங்கே?"

"பேரே இல்லையே, எனக்கெப்படித் தெரியும்?"

சாய்நாத் அந்தக் கறுப்பின் மேல் விரலை வைத்தார். "இங்கதான் எங்கேயோ இருக்கேன்" என்றார் மெதுவாக.