ஓட்டு இல்லாதவர் கேட்ட கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பேச அல்ல... கை தூக்க!

கோடையில் கரண்ட் பத்தாது. கொஞ்ச நேரம் நிறுத்தித்தான் ஆக வேண்டும். எந்த நேரத்தில் நிறுத்தலாம் என்பதை ஜனங்களையே கேட்டு முடிவு செய்யலாம் என்று ஒரு தொண்டு அமைப்பும் மின்சார அதிகாரிகளும் சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். காலையில் ஒரு முறை கை தூக்க வேண்டும். பிறகு விவரம் சொல்வார்கள், விவாதிக்கலாம். சாயங்காலம் இன்னொரு முறை கை தூக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதானே?

எங்கள் சாரம் பகுதியிலிருந்து நாங்கள் மூன்று பேர் போனோம். நான், பக்கத்து வீட்டு பிலோமினா, எதிர்வீட்டு அந்துவான் முசியே.

பிலோமினா தையல்காரி. கல்யாண பிளவுஸ் என்றால் கோயில் தெருவே அவளைத்தான் தேடும். மோட்டார் வைத்த மெஷின், கரண்ட் இஸ்திரிப் பெட்டி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வீடு அமைதியாகும் மத்தியானம்தான் அவளுக்கு வேலை நேரம். அந்த நேரத்தில் கை வைத்தால் அவள் பிழைப்பே போச்சு.

முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்போமே, அந்த ரகம். பிரெஞ்சுக் குடியுரிமை. வாசலிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள்.

“வாக்காளர் அட்டை இல்லாதவங்க கை தூக்க முடியாதுங்க சார்.”

“கரண்ட் பில்லு மட்டும் நான் கட்டலாமா?” என்றார் முசியே.

நியாயம்தானே? பாரீசில் யார் ஜனாதிபதி என்பதற்கு அவருக்கு ஓட்டு உண்டு. சாரத்தில் அவர் தலைக்கு மேல் ஓடுகிற ஃபேன் எப்போது நிற்க வேண்டும் என்பதற்கு ஓட்டு இல்லை! கடைசியில், பார்வையாளராக உட்காரலாம், கேள்வி கேட்கலாம், கை மட்டும் தூக்கக் கூடாது என்று உள்ளே விட்டார்கள்.

காலைக் கை தூக்கலில் சந்தேகமே இல்லை. மத்தியானம்தான்! நம் ஊரில் மத்தியானமானால் கடைகள் ஷட்டரை இறக்கிவிடும், ஊரே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடும். தூங்குகிற ஊருக்குக் கரண்ட் எதற்கு? ஹால் முழுக்கக் கைகள். வேண்டாம் என்று தூக்கியவர்கள் ஒரு சிலர்தான். அதில் பிலோமினா ஒருத்தி, நான் ஒருத்தி. அவளுக்காகத் தூக்கினேன் என்று நினைத்துவிடாதீர்கள் — ஃபேன் இல்லாமல் எனக்கு மத்தியானத் தூக்கம் வராது.

விவாதத்தில் பிலோமினா எழுந்தாள்.

“மத்தியானம் நிறுத்திட்டீங்கன்னா நான் எப்பங்க தைப்பேன்? சாயங்காலம் புள்ளைங்க வந்துடும், சமையலு, படிப்பு... முகூர்த்த நேரத்துல துணி குடுக்கலன்னா அப்புறம் எங்கிட்ட யாரு வருவா?”

எல்லோரும் ‘உச்சு’ கொட்டினார்கள். கடை வைத்திருக்கும் ஒருவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: “உன் கஷ்டம் புரியுதும்மா. ஆனா ஊருக்கு நல்லதுன்னு ஒண்ணு இருக்கில்ல?” அவள் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் தூக்கத்தைத் தவிர என்னிடம் வேறு வாதம் ஏது?

அப்போதுதான் கடைசி நாற்காலியிலிருந்து முசியே எழுந்தார்.

“எனக்கு ஒரு சந்தேகம். மத்தியானம் ஊரு தூங்குதுன்னா கரண்ட்டும் சும்மாதான கெடக்கும்? சும்மா கெடக்குறத நிறுத்தி இன்னா மிச்சமாவப் போவுது?”

ஹாலில் எல்லாத் தலையும் கடைசி நாற்காலிப் பக்கம் திரும்பியது.

மேடையில் இருந்த இளம் பெண் இன்ஜினீயர் சிரித்தார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல அடுத்த படத்தைத் திரையில் போட்டார். ஒரு நாளில் நம் ஊர் எந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டும் கோடு. மத்தியானம் அது சோம்பலாகப் படுத்திருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் விறுவிறுவென்று ஏறியது. கடைகளின் சீரியல் பல்பு, வீட்டுக்கு வீடு டிவி, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் — எல்லாம் ஒரே நேரத்தில்!

“பற்றாக்குறை அங்கதாங்க இருக்கு” என்றார் அவர்.

அதற்கப்புறம் நடந்ததுதான் அழகு. திட்டுவார்கள், எழுந்து போவார்கள் என்று நினைத்தேன். இல்லை. யார் வீட்டு மோட்டார் எப்போது ஓடுகிறது என்று பேச ஆரம்பித்தார்கள். மரியாதையாகப் பேசிய அதே கடைக்காரர், “அலங்கார லைட்ட நாங்க அணைச்சிடுறோம்” என்றார். அரியாங்குப்பத்து அம்மா ஒருவர், “தண்ணிய காலையிலயே ஏத்திக்கலாமே” என்றார். மிச்சத்துக்கு, சாயங்காலம் பகுதி பகுதியாக முறை வைத்து அரை மணி நேரம் நிறுத்தலாம் என்று முடிவானது. அதாவது, டிவி சீரியல் நேரத்தில்!

இரண்டாம் முறை கை தூக்கச் சொன்னபோது, தங்கள் சீரியலுக்கு எதிராகவே ஜனங்கள் கை தூக்கினார்கள். பிலோமினா இரண்டு கையையும் தூக்கிவிட்டாள், நான்தான் ஒன்றைப் பிடித்து இறக்கினேன்.

மக்களைக் கேட்டால் சுயநலமாகத்தான் சொல்வார்கள், கொள்கையெல்லாம் பெரியவர்கள் போட வேண்டியது என்று சிலர் சொல்வதுண்டு. விவரத்தைச் சொல்லிவிட்டுக் கேட்டுப் பார்த்தார்களா? நம்மை நம்பி ஒரு படத்தைக் காட்டினால் போதும், நாம் சரியாகவே யோசிப்போம். எனக்கு அதில் இப்போது சந்தேகமே இல்லை.

நேற்று சாயங்காலம் எங்கள் தெருவின் முறை. பட்டென்று இருட்டு. எல்லோரும் வாசலுக்கு வந்தோம். முசியேவும் விசிறியோடு வந்தார்.

“யாரும்மா இந்த நேரத்துல நிறுத்தச் சொன்னது? நான் நியூஸ் பாத்துக்கினு இருந்தேன்!”

“நீங்கதான் முசியே” என்றாள் பிலோமினா. “மத்தியானமே ரெண்டு பிளவுஸ் முடிச்சிட்டேன்.”

அவர் விசிறியை நிறுத்தினார்.

“நெஜமாவே நான் சொன்னதயா கேட்டுட்டாங்க?”

கரண்ட் போனதற்காக ஒரு மனுஷன் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் பார்த்ததே இல்லை!