வாக்கியம் முடிகிற இடத்தில்

அந்தச் சனிக்கிழமை காலையில் பேக்கிங் பகுதிக் கம்ப்யூட்டரைத் திறந்தபோது ஸ்டிக்கர் அடிக்கிற புரோகிராமைக் காணவில்லை. தலைமை அலுவலகத்தில் இருந்தபடியே எல்லாக் கம்ப்யூட்டருக்கும் புது ஆன்டிவைரஸ் ஏற்றியிருந்தார்கள். அது எங்கள் பழைய புரோகிராமை வைரஸ் என்று நினைத்துப் பிடித்துப் பூட்டிவைத்துவிட்டது. ஸ்டிக்கர் ஒட்டாத பெட்டி எங்கள் ஒரகடம் தொழிற்சாலையை விட்டு நகராது.

சனிக்கிழமை லோடு போகவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வேலைக்கு வர வேண்டும். காண்டிராக்ட் ஆட்கள் வராவிட்டால் திங்கட்கிழமை அவர்கள் இடத்தில் வேறு யாராவது நிற்பார்கள். மேசையில் ஸ்டிக்கர் ஒட்டுகிற மணிமங்கலத்து அக்கா காண்டிராக்ட் ஆள். அந்த ஞாயிறு அவர் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வாரம் முழுக்க எங்களுக்கு அந்தப் பேச்சுதான்.

"சாயங்காலத்துக்குள்ள இத சரி பண்ணிடுவ இல்லபா?" என்றார் என்னிடம்.

நான் டிப்ளமா டிரெய்னி. தண்டலம் பக்கத்துக் கல்லூரியில் படித்தவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்ததே நான்தான். "வுடுக்கா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

எங்கள் சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். தலைமை அலுவலகத்து ஹெல்ப்டெஸ்க்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் கையில் திணித்தார். "இங்கிலீஷ்ல பேசுதான். நீதான டிப்ளமா, பேசுல" என்று சொல்லிவிட்டு லாரிக்காரர்களைச் சமாளிக்க வெளியே போய்விட்டார். வேலை நின்றுவிட்டதால் பேக்கிங் லைனே என்னைச் சுற்றி வந்து நின்றது.

அந்தப் பக்கம் ஏதோ வடநாட்டுக்காரர். சரளமான, வேகமான இங்கிலீஷ். படித்த இடத்திலெல்லாம் வாத்தியார் புரிந்ததா என்று கேட்டால் புரிந்தது சார் என்று சொல்லியே வளர்ந்தவன் நான். அன்றைக்கும் அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. வாக்கியம் எங்கே முடிகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன், அங்கே ஒரு 'எஸ் சார்' வைப்பதற்காக. திரையில் அவருடைய அம்புக்குறி தானாக நகர்ந்தது. அவர் ஏதோ கேட்டார். எஸ் சார். மறுபடி ஏதோ கேட்டார், கொஞ்சம் நிறுத்தி. எஸ் சார்.

"இன்னாமா பேசுது பாரு நம்ம தம்பி" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு அவர், இனி உங்களிடம் இருக்கும் இன்னொரு பிரதியை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அது மட்டும் தெளிவாகப் புரிந்தது. எங்களிடம் இன்னொரு பிரதி கிடையாது. வேறு பிரதி இருக்கிறதா, இதை அடியோடு அழித்துவிடலாமா என்றுதான் அத்தனை நேரமும் கேட்டிருக்கிறார். பூட்டிவைத்திருந்ததைத் திறந்துவிடச் சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷமே ஸ்டிக்கர் வந்திருக்கும். நான் அழிக்கச் சம்மதம் சொல்லிவிட்டேன்.

பிரிண்டர் கம்பெனி ஆள் சாயங்காலம் வந்துதான் புரோகிராமைத் திரும்ப ஏற்ற முடியும் என்று ஆனது. நாளைக்கு எல்லாரும் வரணும் என்று சூப்பர்வைசர் சொன்னபோது மற்றவர்கள் ஆன்டிவைரஸைத் திட்டினார்கள். அக்கா திட்டவில்லை. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"நீ இன்னா பண்ணுவ தம்பி. நீ நல்லாதான் பேசின. அவனுக்குத்தான் புரியல."

அவர் திட்டியிருந்தால் பேசாமல் வந்திருப்பேன். "இல்லக்கா. எனக்குத்தான் புரியல. புரியாமயே எஸ் சார் எஸ் சார்னுட்டேன். அழிக்கச் சொன்னதே நான்தான்."

அக்கா என்னையே பார்த்தார். "அடப்பாவி, எம்பொண்ணு வாழ்க்கடா அது. புரியலன்னா இன்னொருவாட்டி கேட்டா இன்னா? நாங்க சிரிச்சிருவமா?"

சிரிப்பார்கள் என்றுதான் பயந்தேன்.

"வா" என்று சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சூப்பர்வைசர் முன்னால் நிறுத்தி, "இப்ப சொன்னத அப்டியே இவராண்ட சொல்லு" என்றார். சொன்னேன். டிரெய்னிகளுக்கு ஞாயிறு வேலை கிடையாது என்பதால், நாளை அக்காவுக்குப் பதில் நான் அந்த மேசையில் நிற்கிறேன் என்றும் சொன்னேன்.

சூப்பர்வைசர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வெளிய போற வழில நானும் கதவுகிட்ட நின்னு கேட்டேன்ல. பய தொரை மாதிரி பேசுதானேன்னு நெனைச்சேன்." "சரி, நீயே நில்லு. ஆனா லோடு முழுசா போகணும். பெட்டி கொறைஞ்சா அந்தம்மாவயும் என்னால காப்பாத்த முடியாது, பாத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை மேசையில் நான் ஒருவன்தான் ஆண். "அக்காவுக்காக லீவு நாள்ல வந்து நிக்குது பாரு, எவ்ளோ நல்ல புள்ள" என்று ஆரம்பித்தார்கள். நான் செய்ததை அக்கா யாரிடமும் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பாராட்டைக் கேட்டுக்கொண்டு என்னால் ஒரு ஸ்டிக்கர்கூட நேராக ஒட்ட முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

மேசையே அதிர்ந்தது. சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. "எஸ் சார், அந்த டேப்ப எடு சார்." "எஸ் சார், எங்க வூட்டயும் அழிச்சிடட்டுமா சார்?" காது மடல் எரிந்தது. குனிந்தபடி ஒட்டிக்கொண்டே இருந்தேன். நான் பின்தங்கியபோதெல்லாம் பக்கத்தில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே என் பெட்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மத்தியானம் கேன்டீனில் என் பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணுக்கு அக்கா போன் செய்தார். மேசையே போனைச் சூழ்ந்துகொண்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போயிருக்கிறார்கள். பெண்ணின் அம்மா பக்கத்தில் இருந்தது அவர்களுக்குத் திருப்தியாம். பிறகு அக்கா கேட்டார்: "லோடு போய்டுமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாதிப் பெட்டி ஸ்டிக்கர் இல்லாமல் இன்னும் கீழேதான் கிடந்தது.

"தெரியலக்கா" என்றேன். "கஷ்டம்தான்."

"அப்ப சாப்ட்டு சீக்கிரம் எழுந்து போங்கடி" என்று சொல்லி அக்கா போனை வைத்தார். தட்டில் பாதிச் சோற்றை விட்டுவிட்டு அவர்கள் எழுந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. நானும் அவர்கள் பின்னால் போனேன்.