தூங்காத விரல்

விம்கோ நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. இரவில் சரக்கு ரயில் போனால் அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுவென்று பேச ஆரம்பித்துவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சத்தத்தால்தான் தூக்கம் வரவில்லை என்று நினைத்தேன். பிறகு ரயில் பழகிவிட்டது. தூக்கம் மட்டும் வரக்காணோம்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். படுத்த பிறகு என் தலைக்குள் என்ன ஓடும் என்று யாராவது கேட்டால், இலக்கியம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஓடுவதெல்லாம் வேறு. மாவுக்கு உப்புப் போட்டேனா? சிலிண்டர் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தாங்குமா? எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பெண் ஏன் இரண்டு நாளாகச் சிரிக்கவில்லை? இதெல்லாம் தீர்ந்த பிறகு கடைசியில் என் சின்ன மாமியார் வந்து நிற்பார். எப்போதோ ஒரு நிச்சயதார்த்தத்தில் என் புடவையைப் பார்த்து, "ஸ்கூலுக்குக் கட்டுறதையே கட்டினு வந்துட்டியா?" என்று கேட்டவர். அன்றைக்கு எனக்கு வாயே வரவில்லை. அதன்பிறகு அந்தக் கேள்விக்கு எத்தனையோ அருமையான பதில்களை இருட்டில் செய்து வைத்துவிட்டேன். ஒவ்வொன்றும் வைரம். அவர்தான் இன்னொரு முறை அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டேன் என்கிறார்.

என் கணவர் அப்படியில்லை, படுத்தால் கட்டை என்றுதான் இருபது வருஷத்துக்கு மேலாக நம்பிக்கொண்டிருந்தேன். முன்பு டிரெய்லர் லாரி ஓட்டினார். துறைமுகத்து வரிசையில் ராத்திரி முழுக்கக் காத்துக்கிடந்த உடம்பு. இப்போது மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாரென்றால் சத்தமே இருக்காது. பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

போன கோடையில் ஒருநாள் புழுக்கம் தாங்காமல் ஜன்னலை அகலமாகத் திறந்து வைத்திருந்தோம். தெருவிளக்கு வெளிச்சம் நேராக அவருடைய வலது கையில் விழுந்தது. ஆள்காட்டி விரல் மெல்ல மடங்கியது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு வெடுக்கென்று விரிந்தது. இன்னொரு தடவை மடங்கி, நின்று, வெடுக்.

கைப்பேசியைப் போர்வைக்குள் எடுத்து, விரல் தானாக அசைந்தால் என்ன வியாதி என்று தேடினேன். அந்த நேரத்தில் செய்யக்கூடாத வேலை அது. படிக்கப் படிக்க ஒவ்வொரு வியாதியும் முந்தையதைவிடப் பெரிதாக இருந்தது. விடிவதற்குள் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, கதவுகளை அகலப்படுத்தி, மாடி வீட்டிலிருந்து கீழ் வீட்டுக்குக் குடியும் மாறிவிட்டேன். அவரோ காலையில் எழுந்து, "டீ கீதா?" என்று கேட்டார்.

மறுநாளும் அதேதான். காலேஜ் படிக்கும் மகளிடம் சொன்னேன். அவள் அன்றிரவு பூனை மாதிரி வந்து நின்று பார்த்துவிட்டு, சமையலறைக்கு என்னை இழுத்துப் போனாள்.

"நடுக்கம் மாதிரி இல்லம்மா. எதையோ சுண்டுற மாதிரி இருக்கு."

"சுண்டுறாரா? தூக்கத்துல எதைடி சுண்டுவாரு?"

"எனக்கென்ன தெரியும்? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

சர்க்கரை பரிசோதனை என்று பொய் சொல்லி திருவொற்றியூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். சின்ன வயசுப் பெண். உள்ளே போனதும் டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, லாரி பிரேக் பிடிக்காதபோதுகூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார்.

டாக்டர் அவரைக் கையை நீட்டச் சொன்னார். மூக்கைத் தொடச் சொன்னார். ஒரு காகிதத்தை விரல்மேல் வைத்துப் பார்த்தார். காகிதம் அசையவே இல்லை.

"கை நல்லாத்தானே இருக்கு? ராத்திரி தூக்கம் வருதா சார்?"

"வர்து மேடம். லேட்டாத்தான் வர்து."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "லேட்டாவா? நீங்க படுத்தவுடனே தூங்கிடுவீங்களே!"

"நீ தூங்கினுகீறியேன்னு நா பேசாம படுத்துனு இருப்பேன்."

"நான் எங்க தூங்கினேன்? நீங்க தூங்குறீங்கன்னுதானே நான் அசையாமக் கிடந்தேன்!"

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரிடம் கேட்டார், "தூக்கம் வர்ற வரைக்கும் என்ன யோசிப்பீங்க சார்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். முதல் தடவை எங்கள் கடைக்கு எதிரே வந்து நின்றபோது இப்படித்தான் நின்றார். தண்டையார்பேட்டையில் என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். இவர் தேவையே இல்லாமல் தினமும் ஒரு தீப்பெட்டி வாங்குவார். அந்த வெட்கத்தை அதற்குப்பிறகு நான் பார்த்ததில்லை.

"கேரம் ஆடுவேன் மேடம்," என்றார்.

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. பயம் போன அழுகை. மருந்துச் சீட்டில் ஒன்றும் எழுதாமல், "நிஜமாவே ஆடுங்க சார்," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே வந்து எதிர் டீக்கடையில் உட்கார்ந்தோம். அங்கேதான் முழுக்கதையும் வந்தது. அவர் இளவட்டமாக இருந்தபோது ராயபுரத்தில் ஒரு கேரம் கிளப்பில் ஆடினார் என்பது எனக்குத் தெரியும். ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். ஒரு போட்டியில் அரையிறுதி வரைக்கும் போயிருக்கிறார். எதிரே காசிமேட்டு ஆள். கடைசி ஆட்டத்தில் இவருக்கு 'ரெட்' என்கிற சிவப்புக் காயும் ஒரு வெள்ளைக் காயும்தான் பாக்கி.

"ரெட்ட போட்டேம்மே. பஞ்சு மாதிரி போச்சு. ரெட்டப் போட்டா ஒடனே நம்ம காயி ஒன்ன போடணும், இல்லாங்காட்டி ரெட்டு திரும்பி வந்துரும். அதாம் ஃபாலோ. காயி குழிக்குப் பக்கத்துலதான் கீது. கொயந்தகூட போட்ரும். அட்ச்சேன்."

"அப்புறம்?"

"குழி வாய்ல போயி நின்னுச்சு. உள்ள போவல. எட்டிப் பார்த்துனு நிக்குது."

டீ கிளாசை ஸ்ட்ரைக்கராக்கி, பிஸ்கெட் துண்டைக் காயாக்கி மேசைமேல் காட்டினார். படுத்ததும் அந்த ஆட்டத்தை மறுபடி ஆரம்பிப்பாராம். கொஞ்சம் மெதுவாக அடிப்பாராம், கொஞ்சம் சாய்த்து அடிப்பாராம். லாரி ஓட்டிய காலத்தில் துறைமுக வரிசையில் ஸ்டீயரிங்மேல் விரலை வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார்.

"ஜெயிக்கிறீங்களா?"

"சில நாள் ஜெயிக்கிறேன். சில நாளு அவன் ஜெயிச்சுர்றான்."

"மனசுக்குள்ள ஆடுறது நீங்கதானே? அப்பவும் அவர் எப்படி ஜெயிப்பாரு?"

"அவன் நல்ல ஆட்டக்காரன்மே," என்றார் மிகவும் சீரியஸாக.

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். ஒரே கட்டிலில் இத்தனை வருஷம், நடுவில் ஒரு தலையணை தூரம். அவர் ராயபுரத்தில் கேரம் ஆடிக்கொண்டிருக்கிறார், நான் சின்ன மாமியாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அதையும் அவரிடம் சொன்னேன். "அந்தப் பொடவயா? அது சோக்கா இருந்துச்சே," என்றார். நான் செய்து வைத்திருந்த அத்தனை பதில்களையும்விட அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தக் காசிமேட்டு ஆளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இப்போது படகுகளுக்கு ஐஸ் போடுகிற இடத்தில் வேலை, இன்னும் காசிமேட்டிலேயே இருக்கிறார். எனக்கு அது போதும். என் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா மீன்பிடித் துறைமுகத்தில் மீன் விற்கிறவர். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது மகளின் மார்க்கைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, மெதுவாக விசாரித்தேன்.

"கேரம் ஆடுவாரே, அந்த ஐஸ்கார அண்ணனா? டெய்லி பாக்கறவரு டீச்சர்," என்றவர், நான் யோசிப்பதற்குள் போனைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார். "பேசுங்க, லைன்ல கீறாரு."

என்ன பேசுவது? நான் இன்னாரின் மனைவி, ராயபுரம் கிளப்பில் உங்களோடு ஆடியவர், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரமுடியுமா என்று வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தேன். எதிர்ப்பக்கம் ஐஸ் உடைக்கும் மெஷின் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"நல்லா கீறாரா?"

"நல்லா இருக்காரு."

"வூட்ல போர்டு கீதா?"

"இல்லீங்களே."

"சரி வுடு தங்கச்சி. நா எட்தாரேன்."

ஞாயிறு மாலை நானும் மகளும் பால்கனியில் நின்றோம். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீன் குழம்பு வாசனைக்கு உள்ளே சுற்றிக்கொண்டிருந்தார். தெருமுனையில் ஒரு மொபெட் திரும்பியது. ஓட்டுகிறவர் வெள்ளை மீசைக்காரர். பின்னால் அவர் மனைவி, தன்னைவிட அகலமான கேரம் போர்டை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு. கடற்காற்று போர்டில் மோத, வண்டி பாய்மரம் கட்டின மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தது. "கொஞ்சம் நேரா ஓட்டுய்யா, பறந்துரப் போறேன்!" என்று அந்த அம்மா கத்தியது எங்கள் மாடிக்குக் கேட்டது.

கதவைத் திறந்து ஐஸ்காரரைப் பார்த்ததும் என் கணவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு இருவரும் கட்டிக்கொண்டார்கள். உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் இவருக்குப் பொறுக்கவில்லை.

"அன்னிக்கு அந்த ஃபாலோ மட்டும் வுழுந்திருந்தா நீ அவுட்டு நைனா."

ஐஸ்காரர் புருவத்தைச் சுருக்கினார். "எந்த ஃபாலோ?"

"செமி ஃபைனல்ல. குழி வாய்ல வந்து நின்னுச்சே, வெள்ள காயி."

"செமி ஃபைனல் ஆடுனமா நாம? அப்டியா? எனக்கு ஒண்ணியும் ஞாபகம் இல்லியே நைனா."

என் கணவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. எத்தனை வருஷமாக ராத்திரிதோறும் இந்த மனுஷனோடு ஆடியிருக்கிறார்! அந்த மனுஷன் ஒருநாள்கூட வந்து ஆடவில்லை. இவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. கண்ணில் தண்ணீர் வர, நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். விஷயத்தைக் கேட்டதும் ஐஸ்காரரும் சேர்ந்துகொண்டார். "அடப்பாவி, என்னை டெய்லி வூட்டாண்ட இட்டாந்து ஆடினியா? ஒரு டீயாவது குட்த்தியா?"

ஆட ஆரம்பித்தார்கள். பவுடர் போட்டு, கையால் தடவி, முதல் அடியை இவருக்கே விட்டுக்கொடுத்தார் ஐஸ்காரர். சொன்னால் நம்பமாட்டீர்கள், காய்க்குப் பதில் ஸ்ட்ரைக்கரே நேராகக் குழிக்குள் போய் விழுந்தது. அடுத்ததும் அப்படியே. மனசுக்குள் உலகச் சாம்பியனாக இருந்தவருடைய விரல், நிஜமான மரப்பலகையைக் கண்டதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. மூன்று ஆட்டமும் படுதோல்வி. அவ்வளவு சந்தோஷமாகத் தோற்ற மனிதரை நான் பார்த்ததில்லை.

போர்டை ஐஸ்காரர் திரும்ப எடுத்துப் போகவில்லை. "இங்கியே கெடக்கட்டும். இத்த மறுபடி புட்ச்சினு போவச் சொன்னா எம் பொஞ்சாதி என்னை வெட்டிரும்," என்றார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் காய்ச் சத்தம்தான். மொட்டைமாடிக்குப் போர்டை ஏற்றிவிட்டோம். கீழ் வீட்டுக்காரர் முதலில் சத்தம் என்று சொல்ல வந்தார். இப்போது சீக்கிரமே வந்து ஸ்டூல் பிடித்துவிடுகிறார். மகள் ஐஸ்காரருக்குப் பார்ட்னர். இந்த வருஷம் காலேஜ் டீமுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். இவருடைய கை மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. மூன்றில் ஒன்று ஜெயிக்கிறார்.

போன வாரம் ஆட்டம் மும்முரமாக இருந்தபோது நானும் ஐஸ்காரரின் மனைவியும் தண்ணித் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்து, அவர் கொண்டுவந்த இறால் வடையைத் தின்றுகொண்டிருந்தோம். மணலிப் பக்கம் வானம் சிவந்துகொண்டு வந்தது. ராத்திரியில் உங்களுக்கு என்ன யோசனை ஓடும் என்று அந்த அம்மாவைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ராத்திரி இன்னாத்துக்கு யோசிக்கணும் டீச்சர்? பகல்ல மீன் ஏலத்துல நின்னுனு இருக்கும்போதே யோசிச்சிட்டு, சண்ட போட வேண்டியவங்ககூடச் சண்டையும் போட்டு முடிச்சிருவேன். தலகாணில தல வச்சா காலைலதான்."

"கனவுகூட வராதா?"

"வந்தாலும் எனக்குச் சொல்றதில்ல," என்று சொல்லிவிட்டு, கடைசி வடையைப் பாதியாகப் பிய்த்துப் பெரிய பாதியை என் கையில் வைத்தார்.